எடைமேடைக்கு வந்த விண்மீன்கள்

வார்சா, 29 செப்டம்பர் 1957

அன்புத் தம்பி செவெரினுக்கு,

நீயும் எர்னாவும் நலந்தானே? என் பெயர்நாளுக்கு, புனித தெக்லா நாளுக்கு, நீங்கள் அனுப்பிய பிளம் பழ ஜாம் உடையாமல் வந்தது. சமையலறையை நான்கு குடும்பங்கள் பங்குபோட்டுக்கொள்ளும் வீடு இது. அதனால் புட்டியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துத் தின்கிறேன். எனக்கு இருமல் மட்டும் இன்னும் விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடக் கணக்கு முடிந்துவிட்டது. எனக்கெதற்கு இதெல்லாம் என்று நீ நழுவப் பார்ப்பாய், விடமாட்டேன். ஒரு விண்மீனில் உள்ள பொருளையெல்லாம் பிடி பிடியாகப் பிரித்து, தள்ளித் தள்ளி வைத்து, தனித்தனியாக எடை போட்டுக் கூட்டிக்கொள். பிறகு ஒன்றுசேர விடு. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விண்மீனாகும். சேரும்போது பிறந்த சூடெல்லாம் வெளியே போய் ஆறிய பிறகு மொத்தமாக எடை போட்டால், முதலில் வந்த தொகையைவிடக் குறைவாக இருக்கும். ஒரு பிடி மண்கூடக் காணாமல் போயிருக்காது. அந்த இழுப்புக்கு, நாங்கள் ஈர்ப்புப் புலம் என்கிறோமே அதற்கு, ஆற்றல் உண்டு. ஆற்றல் இருந்தால் எடையிலும் பங்கு உண்டு.

இதுவரை சண்டை இல்லை. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி வந்தால், சுற்றியுள்ள புலம் குலுங்கி, அலையாகக் கிளம்பி, அந்த எடையில் கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு போகுமா என்பதில்தான் சண்டை. போகும் என்கிறது என் கணக்கு. போகாது, அந்த அலை வெறும் தாளில் உள்ள மாயை என்று இருபது வருடமாக எழுதி வருகிறார் பேராசிரியர் ஒல்ஷான்ஸ்கி. நான் அவருக்கு உதவியாளர். அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் அவர் முன்னாலேயே எழுந்து நின்று சொல்லப்போகிறேன்.

எர்னாவைக் கேட்டதாகச் சொல். குளிருக்கு முன்னால் உன் காலணிக்குப் புது அடித்தோல் போட்டுக்கொள்.

உன் அக்கா,
தெக்லா


கத்தோவித்ஸே, 6 அக்டோபர் 1957

என் பெருமைக்குரிய அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். உன் இருமலுக்கு வெங்காயத்தை நறுக்கிச் சர்க்கரை போட்டு ஊறவைத்து அந்தச் சாற்றைக் குடிக்கச் சொல்கிறாள் எர்னா. கணக்கு போடுகிறவர்களுக்கும் அது கேட்குமாம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தனித்தனியாகப் போட்டால் ஓர் எடை, சேர்த்துப் போட்டால் குறைவு. எங்கள் சுரங்கத்தில் இப்படிக் குறைந்தால் அதற்குப் பெயர் திருட்டு. போலீஸ்காரர் வருவார். உங்கள் விண்மீன்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை போலிருக்கிறது.

நான் எடைமேடையில் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது. நிலக்கரி ஏற்றிய ரயில் பெட்டி வந்து நிற்கும், நான் முள்ளைப் பார்த்துச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நடுவில் மூன்று வருடம் இந்த ஊரின் பெயரையே மாற்றினார்கள், பிறகு பழைய பெயரையே திருப்பிக் கொடுத்தார்கள். அப்போதும் இருபது டன் இருபது டன்னாகத்தான் இருந்தது. அந்த முள்ளைப் பிடித்துக்கொண்டுதான் நான் புத்தி கெடாமல் இருந்தேன். அதனால் சொல்கிறேன், உன் முள் எதைக் காட்டுகிறதோ அதைச் சத்தமாகச் சொல். பேராசிரியருக்குக் காது மந்தமாக இருந்தால் இன்னொரு முறை சொல்.

பயப்படாதே. கருத்தரங்குக்குப் போகும்முன் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடு.

உன் தம்பி,
செவெரின்


வார்சா, 3 நவம்பர் 1957

செவெரினுக்கு,

சௌக்கியமா என்று கேட்டுவிட்டேன். என் சௌக்கியத்தைக் கேட்காதே. வெள்ளிக்கிழமை புனிதர் நாளில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்லறை இல்லாததால், வழக்கம்போல், போரில் அவர்களைச் சுட்டுக் கொன்ற தெருமுனைச் சுவரருகே இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். உன் பங்குக்கும் ஒன்று.

கருத்தரங்கில் நான் ஒரு மணி நேரம் பேசினேன். ஒல்ஷான்ஸ்கி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கான்ராட் எழுந்தான். என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறவன், நல்லவன், அவசரப்பட்டுப் பேசமாட்டான். என் சூத்திரத்தை அப்படியே பலகையில் எழுதினான். இரண்டு விண்மீன்களையும் அழித்தான். அதாவது வானத்தில் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொண்டு, என் வழியிலேயே ஆற்றலைக் கணக்கிட்டான். பூச்சியம் வரவேண்டும். முடிவில்லாத அளவு வந்தது.

ஒன்றுமில்லாத இடத்துக்கு எல்லையில்லாத எடை. அறையே சிரித்தது. தேநீர் கொண்டுவந்த பெண்கூட எதற்கென்று தெரியாமல் சிரித்தாள்.

தவறு என்னுடையதுதான். புலத்தின் ஆற்றலை அளக்கும் சூத்திரத்துக்கு ஒரு வீம்பு உண்டு. நேரான சதுரக் கட்டங்களை வைத்து அளந்தால்தான் ஒழுங்காக விடை தரும். விண்மீன்கள் சுற்றுகின்றனவே, எளிதாக இருக்குமே என்று நான் நடுவிலிருந்து வட்டம் வட்டமாகக் கட்டம் போட்டேன். நாற்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த குழி அது. அதில் விழாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இப்போது நடைபாதையில் என்னைப் பார்த்தால், வெற்றிடத்தில் நிலக்கரி எடுத்தவள் வருகிறாள் என்கிறார்கள்.

ஒல்ஷான்ஸ்கி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அலை எதையும் எடுத்துட்டுப் போறதில்லன்னு ஒரு கட்டுரை எழுதிடலாம், தெக்லா. நீங்களும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுவோம். கோடைக்குள்ள உங்களுக்கு டாக்டர் பட்டம் வந்துரும்" என்றார். நிறுவனத்தின் குடியிருப்பில் எனக்கென்று தனி அறை ஒன்றுக்கும் சிபாரிசு செய்வாராம்.

என் வழி தவறு. விடை தவறில்லை என்று உள்ளே ஏதோ அடித்துச் சொல்கிறது. நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. என்ன செய்யட்டும், சொல்.

தெக்லா


கத்தோவித்ஸே, 30 நவம்பர் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே வேலை கொஞ்சம் கூடுதல். உடம்புக்கு ஒன்றுமில்லை. எர்னாவும் நலம்.

கையெழுத்துப் போட்டுவிடு. வானத்தை யார் வந்து எடை போட்டுச் சரிபார்க்கப் போகிறார்கள்? அந்த விண்மீன்கள் உன்மேல் வழக்கா போடும்? உனக்கு ஓர் அறை வேண்டும், இருமல் போக வெயில் வரும் ஜன்னல் வேண்டும். பட்டம் கையில் வந்த பிறகு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மேலே இருப்பவர்களோடு மோதினால் தலைதான் உடையும், சுவர் உடையாது.

புதன்கிழமை எங்கள் சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதை பார்பராவின் நாள். சுரங்கத்து வாத்தியக் குழுவோடு இந்த வருடம் நான் ஊர்வலம் போகவில்லை. இறகு வைத்த தொப்பியை அடுத்த வீட்டுக்காரருக்கு இரவல் கொடுத்துவிட்டேன். காலணி கடிக்கிறது.

குளிர் அதிகம். கம்பளிச் சட்டையில்லாமல் வெளியே போகாதே.

செவெரின்


வார்சா, 18 டிசம்பர் 1957

தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் உனக்கும் எர்னாவுக்கும். உள்ளே திருநாள் அப்பம் வைத்திருக்கிறேன். தபாலில் நொறுங்கியிருந்தாலும் பரவாயில்லை, வழக்கப்படி ஆளுக்கு ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். நானும் இங்கே அதே நேரத்தில் என் துண்டைத் தின்பேன்.

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. அக்டோபரில் சத்தமாகச் சொல் என்று எழுதியவனும் நவம்பரில் கையெழுத்துப் போடு என்று எழுதியவனும் ஒரே ஆளா? பத்து வயதில், வரைபடத்தில் ஆற்றைத் தவறாகக் காட்டிய ஆசிரியரோடு சண்டை போட்டுப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவன் நீ. அன்றைக்குத் தலை உடைவதைப் பற்றி நீ யோசிக்கவில்லை.

இன்னொன்று. உன் கடிதத்தின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருக்கிறது. எடைமேடைக்காரன் எப்போதிலிருந்து நிலக்கரியைத் தொடுகிறான்?

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கட்டுரையை மெதுவாக எழுதுகிறேன் என்று சொல்லி நாளைக் கடத்துகிறேன். ஆனால் நீ எடை போடுவதைப் பற்றி எழுதியது மண்டையில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு ரயில் பெட்டியைச் சரியாக எடை போட என்னவெல்லாம் செய்வாய்? ஒன்றையும் விடாமல் எழுது. சின்ன விஷயம், சொல்லத் தேவையில்லை என்று நீயாக எதையும் தள்ளாதே.

எர்னாவுக்கு முத்தம். வெங்காயச் சாறு சகிக்கவில்லை, ஆனால் கேட்கிறது.

தெக்லா


கத்தோவித்ஸே, 12 ஜனவரி 1958

அக்காவுக்குப் புத்தாண்டு வாழ்த்துகள்.

அப்பம் தூளாகத்தான் வந்தது. எர்னா தூளைத் தேனில் தோய்த்து ஊட்டிவிட்டாள். இருவரும் சுகம். ரேகை விஷயம் ஒன்றுமில்லை, அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

எடை போடுவதைக் கேட்டாய். பெட்டிகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டி வரிசையாக வரும். சோம்பேறிகள் கொக்கியைக் கழற்றாமல் அப்படியே ஓட்டிக்கொண்டே எடை பார்ப்பார்கள். அது எடையே இல்லை. முன்னால் உள்ளது இழுக்கும், பின்னால் உள்ளது தள்ளும், மேட்டில் நிற்பது தொங்கும். முள் என்ன காட்டினாலும் அதில் பாதி பக்கத்துப் பெட்டியின் வேலை. நாங்கள் கொக்கியைக் கழற்றுவோம். மற்றவற்றைத் தள்ளி நிறுத்துவோம். பெட்டி குலுங்கி ஓயும்வரை யாரும் பேசக்கூடாது. பிறகுதான் பார்ப்போம். உள்ளே எந்தக் கரித்துண்டு எங்கே கிடக்கிறது, எதன்மேல் எது சாய்ந்திருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டோம். எங்களுக்கு அது தேவையே இல்லை. மொத்தம் எவ்வளவு என்பதை வெளியே நின்று பார்ப்போம். வெளியேறும்போது இன்னொரு முறை போடுவோம். குறைந்திருந்தால் வழியில் ஏதோ கொட்டியிருக்கிறது. எங்கே கொட்டியது என்று தெரியாவிட்டாலும் எவ்வளவு என்று தெரியும்.

என் எடையில் ஒரு முறைகூட யாரும் குறை கண்டதில்லை. வேடிக்கையாகச் சொல்லவில்லை, அது எனக்குப் பெரிய விஷயம்.

சரி. நீ கையெழுத்துப் போட்டுவிடு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மார்புக்குக் கடுகுப் பற்று போட்டாயா?

செவெரின்


வார்சா, 9 பிப்ரவரி 1958

செவெரின்,

நலமா, எர்னா நலமா, இங்கே நான் நலம். இன்றைக்கு அவ்வளவுதான் உபசாரம், கை பரபரக்கிறது.

உன் கொக்கியைக் கழற்றிவிட்டேன். விண்மீன்களுக்குப் பக்கத்தில் எந்த இடத்தில் எவ்வளவு ஆற்றல் என்று இரண்டு வருடமாகத் தேடினேன். கட்டத்தை மாற்றினால் விடையும் மாறியது. அந்தக் கேள்வியே தப்பு. விலகிப் போனேன். மற்ற எதுவும் இழுக்காத, தள்ளாத தொலைவுக்குப் போய் நின்று, மொத்த எடையை மட்டும் பார்த்தேன். வெளிச்சத்தின் வேகத்தில் அலை ஓடிவருகிறதே, அதனோடு கூடவே வெளியே போய்க் கணக்கெடுத்தேன். இரட்டை விண்மீனின் எடை குறைந்துகொண்டே வருகிறது. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் அலை கொண்டுபோகிறது, ஒரு துளி மிச்சமில்லை. விண்மீன்களை அழித்துவிட்டு வெற்றிடத்துக்கு அதையே செய்தேன். பூச்சியம். கான்ராட் மூன்று நாள் உட்கார்ந்து உடைக்கப் பார்த்தான். உடையவில்லை.

ஒல்ஷான்ஸ்கியிடம் கொடுத்தேன். பத்துப் பக்கம் படித்தார். பதினோராவது பக்கத்தைத் திருப்பவில்லை. "இந்தக் கோப்பு திரும்ப என் மேசைக்கு வர வேண்டாம்" என்றார். நான் தனியாக ஆய்வேடு கொடுத்துக்கொள்ளலாமாம், தடுக்கமாட்டாராம். ஆனால் அவர் எனக்கு வழிகாட்டி இல்லை. ஜூன் கடைசியோடு என் உதவியாளர் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கமாட்டார். அறையும் கிடையாது. இல்லாவிட்டால் 24ஆம் தேதி, திங்கட்கிழமை, பழைய கட்டுரையில் கையெழுத்து.

இரண்டு நாளாகத் தூங்கவில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது. இந்த ஊரில் எனக்கு வேறு யாரும் இல்லை. நான் சொன்னது சரியாகவே இருந்தாலும், யாரும் படிக்காத சரி யாருக்கு உதவும்? உலகம் தெரிந்தவன் நீ, இரண்டு முறை ஒரே பதிலைச் சொல்லிவிட்டாய். அதனால் நீ சொன்னபடியே செய்யப்போகிறேன். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அழுகையாக வருகிறது, ஆனால் போடுகிறேன்.

தெக்லா


கத்தோவித்ஸே, 16 பிப்ரவரி 1958

அக்காவுக்கு, உங்கள் தம்பி மனைவி எர்னா எழுதும் கடிதம்.

உங்கள் உடம்பு தேறிவர வேண்டுகிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் ஒரு வாரம் என்னோடு பேசமாட்டார், பேசாவிட்டால் போகட்டும்.

அவர் எடைமேடையில் இல்லை. நவம்பர் தொடக்கத்திலிருந்து இல்லை. அக்டோபர் கடைசியில் சுரங்கத்தின் இலக்கு எட்டவில்லை என்று, கொக்கியைக் கழற்றாமல் பெட்டிகளை ஓட்டிக்கொண்டே எடை போட்டு, எல்லாச் சீட்டிலும் இருபது டன் என்று கையெழுத்துப் போடச் சொன்னார் மேலாளர். இவர் மாட்டேன் என்றார். மறுநாள் நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் கன்வேயர் பெல்ட்டில் நிற்க வைத்துவிட்டார்கள். அது பெண்கள் வேலை, நானும் அங்கேதான் வேலை செய்கிறேன். நாற்பது பெண்களுக்கு நடுவில் இவர் ஒருவர். விரலெல்லாம் வெடித்திருக்கிறது. பார்பரா நாளன்று ஊர்வலத்தில் சேர்க்கவில்லை, காலணி கடிக்கிறது என்று உங்களுக்கு எழுதினார்.

மாதாமாதம் மேலாளர் கூப்பிடுகிறார். கையெழுத்துப் போட்டால் பழைய நாற்காலி. மாதாமாதம் இவர் போய், மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து கல் பொறுக்குகிறார்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டு, நல்லது, அக்கா தப்பித்துவிட்டாள் என்றார். முகம் மட்டும் செத்துக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில், நீங்கள் மட்டும் போடமாட்டீர்கள், அக்காவை மட்டும் போடச் சொல்வீர்களா என்று கேட்டேன். "ஒரு வீட்டுல ஒரு பைத்தியம் போதும், எர்னா. அவளாவது நல்லா இருக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னதற்காக நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்றால், அவர் என்ன செய்தார் என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள். தெரிந்த பிறகும் போட்டால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வீட்டில் ஒரு கட்டில் எப்போதும் உங்களுக்கு இருக்கிறது.

எர்னா


வார்சா, 25 பிப்ரவரி 1958

டேய் பொய்யா,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை, இருந்தாலும் கேட்கிறேன், விரல் எப்படி இருக்கிறது? எர்னாமேல் ஒரு வார்த்தை கோபப்பட்டாய் என்று கேள்விப்பட்டால் அடுத்த ரயிலில் வந்து உன் காதைத் திருகுவேன்.

மூன்று மாதமாக என்னை ஏமாற்றியிருக்கிறாய். அடுப்புக்குக் கரி அள்ளினானாம். காலணி கடிக்கிறதாம். உன் முள்ளை வளைக்க மாட்டாய், என் முள்ளை மட்டும் வளைத்துக் கொடு என்பாய். என்னைக் காப்பாற்ற நினைத்தாய் என்று தெரிகிறது, அதனால்தான் இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது. நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எர்னாவின் கடிதம் கைப்பையில் இருந்தது. ஒல்ஷான்ஸ்கி கட்டுரையின் கடைசிப் பக்கத்தை என் பக்கம் தள்ளி, பேனாவையும் திறந்து கொடுத்தார். அவருடைய பெயருக்குக் கீழே எனக்கு இடம் விட்டிருந்தது. "பேராசிரியரே, நீங்க பதினோராவது பக்கத்தைத் திருப்பவே இல்லை" என்றேன். பேனாவை மூடி அவர் முன்னால் வைத்துவிட்டு, படி இறங்கி அலுவலகத்துக்குப் போய், என் சொந்த ஆய்வேட்டை ஐந்து படிகள் கொடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டேன். மதிப்பிட வெளியூரிலிருந்து இரண்டு பேரை அழைக்கப்போகிறார்கள்.

பொது வாய்மொழித் தேர்வு ஜூன் 20. செய்தித்தாளில் விளம்பரம் வரும். யார் வேண்டுமானாலும் வரலாம், கேட்கலாம். தோற்றால் எல்லோருக்கும் முன்னால் தோற்பேன், மறைவாகத் தோற்கமாட்டேன்.

கைக்கு ஆட்டுக் கொழுப்பு தடவு. என்னிடம் இனி ஒரு பொய்கூடச் சொல்லாதே.

தெக்லா


கத்தோவித்ஸே, 8 மார்ச் 1958

அக்காவுக்கு,

விரல் பரவாயில்லை. எர்னாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், மூன்றாம் நாள் அவள் உருளைக்கிழங்கு உருண்டையும் மாட்டிறைச்சிச் சுருளும் செய்தாள். அதற்கு மேல் மனிதனால் முடியாது.

இன்று மகளிர் தினம். பெல்ட்டில் நிற்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு கார்னேஷன் பூ கொடுத்தார்கள். பட்டியலில் என் பெயரும் இருந்ததால் எனக்கும் ஒன்று. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, சட்டைப் பொத்தானில் குத்திக்கொண்டேன். சாயந்திரம் மேலாளர் கூப்பிட்டபோது அதோடுதான் போனேன். அவர் பூவைப் பார்த்தார். "வெக்கமா இல்லையா, செவெரின்?" என்றார். "இருக்கு. ஆனா எதுக்குன்னு நாம ரெண்டு பேரும் வேற வேறயா நெனச்சிட்டிருக்கோம்" என்றேன். மாதாமாதம் கூப்பிடுவதை இனி நிறுத்திவிடுவார் என்று நினைக்கிறேன்.

நான் உன்னிடம் அப்படி எழுதியது தப்பு. உனக்குத் தைரியம் இல்லை என்று நினைத்து எழுதவில்லை. நீ என்னைப்போல ஆகிவிடக்கூடாது என்று பயந்தேன். உன் எடை சரி என்று உனக்குத் தெரியும்போது அதைக் குறைத்துச் சொல்லச் சொன்னேன், என் தொழிலில் அதைவிடப் பெரிய அசிங்கம் இல்லை. மன்னித்துக்கொள்.

ஜூன் 20 எனக்கு விடுப்பு கிடைக்காது. எர்னா மெழுகுவத்தி ஏற்றுவாள். நான் பெல்ட்டில் நின்று உனக்காகக் கல் பொறுக்குவேன். நன்றாகச் சாப்பிடு, நிமிர்ந்து நில்.

உன் செவெரின்


வார்சா, 22 ஜூன் 1958

அன்புத் தம்பிக்கும் எர்னாவுக்கும்,

இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இருமல் போய்விட்டது. இங்கே ஸ்ட்ராபெரி வந்துவிட்டது, ஒரு கூடை வாங்கி நேற்று முழுவதும் அதையே தின்றுகொண்டு படுத்திருந்தேன்.

தோற்றுவிட்டேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனிப் பதறாமல் படியுங்கள்.

அரங்கு நிறைந்திருந்தது. செய்தித்தாள் பார்த்து வந்த ஓர் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்கூட முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசத் தொடங்குமுன் பலகைக்குப் போய், கான்ராட் போன அக்டோபரில் போட்ட கணக்கை நானே பெரிதாக எழுதினேன். என் தவறு, ஒன்றுமில்லாததற்கு எல்லையில்லாத எடை. "நான் விழுந்த குழி இது. இன்னிக்கு இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்" என்றேன். சிரிக்கத் தயாராக வந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. பிறகு விலகி நின்று எடை போடும் வழியைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் கொக்கியைக் கழற்றுவதைச் சொன்னேன். டிராம் ஓட்டுநர் தலையாட்டினார்.

மதிப்பீட்டாளர்கள் இருவரும் நல்லபடியாகவே பேசினார்கள். கடைசியில் ஒல்ஷான்ஸ்கி எழுந்தார்.

"அந்த ஆற்றல் எங்க இருக்கு? பலகையில விரல் வச்சுக் காட்டுங்க."

"காட்ட முடியாது, பேராசிரியரே. யாராலயும் முடியாது. எவ்வளவு போச்சுன்னு மட்டும் சொல்ல முடியும்."

"இருக்கிற இடம் தெரியாத ஒரு பொருள இருக்குன்னு நம்பணும்?"

"நம்ப வேண்டாம். எடை போட்டுப் பாருங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். பேராசிரியர்களின் ரகசிய வாக்கெடுப்பில் எனக்கு ஆறு, எதிராக எட்டு. அரை மணி நேரம் கழித்து வாசித்தார்கள். நான் அங்கே அழவில்லை. இதே ஆய்வேட்டை, ஒரு வரியும் மாற்றாமல், இலையுதிர் காலத்தில் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் கொடுக்கிறேன். அங்கேயும் தோற்றால் மூன்றாவது ஊர். அதுவரை உங்கள் கட்டிலில் எனக்கு இடம் வேண்டும். கான்ராட் என் பெட்டிகளை ரயில் நிலையத்துக்குத் தூக்கிவர ஒப்புக்கொண்டிருக்கிறான். ஜூலை ஐந்தாம் தேதி வருகிறேன். வேலை கிடைக்காவிட்டால் உன் பெல்ட்டில் எனக்கும் ஓர் இடம் பார்த்து வை, கல்லையும் கரியையும் பிரிக்க எனக்குத் தெரியும்.

எல்லோரும் போன பிறகு என் குடையை மறந்துவிட்டேன் என்று அரங்குக்குத் திரும்பினேன். உள்ளே ஒல்ஷான்ஸ்கி தனியாக நின்றிருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, என் கடைசி வரியைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பேனா நிற்கவில்லை. நான் பக்கத்தில் போய் அவர் எழுதுவதைப் பார்த்தேன்.

"கூட்டல் இல்ல, பேராசிரியரே. கழித்தல்" என்றேன்.

அவர் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

எர்னாவுக்கு என் முத்தங்கள். உன் கையைக் கவனித்துக்கொள்.

உங்கள்,
தெக்லா